குடிசை எரிந்த குடும்பத்துக்கு உடனே தேவைப்படுபவை

வணக்கம். நம் தெருவில் நேற்று எரிந்த கூரை வீட்டில் ஐந்து பேர். பழைய துணி போதும், இனி வேண்டாம். வைக்க இடமில்லாமல் நனைகிறது.

இப்போதைய தேவை: பதினெட்டுக்கு இருபத்துநாலு அடி தார்ப்பாய் ஒன்று, சவுக்குக் கழி பன்னிரண்டு, நைலான் கயிறு. தார்ப்பாயைத் தட்டையாகக் கட்டாதீர்கள், தண்ணீர் தேங்கிக் கிழியும். நடுவில் உயர்த்திச் சரிவு கொடுங்கள். பாத்திரத்தில் குக்கரும் குடமும் மட்டும் இன்னும் வேண்டும்.

சாம்பலை யாரும் அள்ள வேண்டாம். விஏஓ பார்த்து எழுதினால்தான் நிவாரண மனு தாசில்தாரிடம் நிற்கும். போட்டோவும் எடுத்து வையுங்கள். கருகிய நோட்டுகளை உதறாமல் டப்பாவில் வையுங்கள். மோசமாகக் கருகியதை வங்கிக் கிளையில் வாங்க மாட்டார்கள், ரிசர்வ் வங்கி அலுவலகத்துக்குத்தான் போக வேண்டும்.

ஆவணங்களில் முதலில் சிம் கார்டு. பலர் ரேஷன் கார்டுக்கு ஓடுவார்கள், ஓடிபி வர நம்பர் இருக்காது. ஆதார் எண் நினைவில்லையென்றால் ஆதார் மையத்தில் கைரேகை வைத்துப் பிரிண்ட் எடுக்கலாம். வண்டியோடு கூட அலைய ஒருவர் வேண்டும், யார் வருகிறீர்கள்?

பணம் தருபவர்கள் அந்த வீட்டு அம்மாவின் வங்கிக் கணக்கிலேயே போடுங்கள்; எங்கள் கையில் வேண்டாம்.