சாங்கி – நியூயார்க்: கணக்கு எங்கே உதைக்கிறது?

தெம்பனிஸ்வாசி:
நவம்பர் 25ஆம் தேதி அப்பாவை நியூயார்க்கில் தங்கை வீட்டுக்கு அழைத்துப் போகிறேன். அவருக்கு 72 வயது, சர்க்கரை உண்டு, ரொம்ப நேரம் உட்கார்ந்தால் கால் வீங்கிவிடும். சிங்கப்பூர் சாங்கியிலிருந்து நியூயார்க்கின் ஜேஎஃப்கே விமான நிலையம் 15,349 கி.மீ. என்று போட்டிருக்கிறது. மணிக்கு 900 கி.மீ. என்றால் 17 மணி நேரம்தானே? டிக்கெட்டில் ஏறக்குறைய 19 மணி நேரம். நடுவில் எங்காவது இறங்குமா? நள்ளிரவுக்குச் சற்று முன் கிளம்பி, 26 காலை ஆறு மணிவாக்கில் போய்விடும் என்றும் இருக்கிறது. அதுவும் புரியவில்லை.

பூகோளவாத்தியார்:
எங்கும் இறங்காது. வீட்டில் உலக உருண்டை இருந்தால் ஒரு நூலை எடுத்து இரண்டு ஊருக்கும் இழுத்துப் பிடித்துப் பாருங்கள். சிங்கப்பூர் கிழக்கு 104 பாகை, நியூயார்க் மேற்கு 74 பாகை, கூட்டினால் 178. கிட்டத்தட்ட உருண்டையின் எதிரெதிர்ப் பக்கம். அதனால் நூல் வட துருவத்தை ஒட்டியே போகும். 15,349 என்பது அந்த நூலின் நீளம். விமானம் பெரும்பாலும் அந்த வழியில் போவதில்லை. பசிபிக் மேலே மேற்கிலிருந்து கிழக்காக வீசும் வேகமான காற்றைப் பிடித்துக்கொள்ளும். தூரம் கூடும், ஆனால் காற்று பின்னாலிருந்து தள்ளும். டிக்கெட் நேரத்தில் ஓடுபாதைக்கு ஊர்ந்து போவதும், இறங்கிய பிறகு வாயிலுக்கு வருவதும் அடக்கம்.

தேதிக்கு வருவோம். நவம்பர் முதல் ஞாயிறு அங்கே கடிகாரத்தைப் பின்னுக்கு வைத்துவிடுவார்கள். அதற்கப்புறம் வித்தியாசம் 13 மணி நேரம். போகும்போது மிச்சமாகும் அந்த 13 மணி நேரம் திரும்பும்போது போய்விடும். அங்கே 10ஆம் தேதி இரவு ஏறினால் இங்கே 12ஆம் தேதி விடிகாலை.

ஜெர்சிமருமகள்:
போன வருஷம் என் மாமியாரை இதே விமானத்தில் கூட்டி வந்தேன். கணக்கைவிட எனக்கு மாத்திரைதான் கவலையாக இருந்தது. டாக்டர் சொன்னபடி அத்தையின் கைக்கடிகாரத்தைச் சிங்கப்பூர் நேரத்திலேயே விட்டுவிட்டு, இறங்கும்வரை அதைப் பார்த்தே மாத்திரை கொடுத்தேன். உங்கள் அப்பாவுக்கு எப்படி என்று அவருடைய டாக்டரிடமே கேளுங்கள். இன்சுலின் போடுபவர் என்றால் மருந்துச் சீட்டோடு கைப்பையில் வையுங்கள்; பெட்டியில் போட்டு அனுப்பிவிடாதீர்கள். நடைபாதை ஓர இருக்கை, இறுக்கமான காலுறை, விழித்திருக்கும்போது மணிக்கொரு தடவை பின்னால்வரை ஒரு நடை. சக்கர நாற்காலியை இப்போதே சொல்லிவையுங்கள், பணம் கிடையாது.

தெம்பனிஸ்வாசி:
ரெண்டு பேருக்கும் நன்றி. ஃபிராங்க்ஃபர்ட் வழியாகப் போனால் நடுவில் கொஞ்சம் நடக்கலாமே என்றும் ஓர் எண்ணம்.

பூகோளவாத்தியார்:
அது 10,300 + 6,200 கி.மீ. தூரம் பெரிதாக அதிகரிக்காது, ஆனால் பயணம் ஒரு முழு நாளைத் தொடும்.

ஜெர்சிமருமகள்:
அத்தைக்குக் கஷ்டமாக இருந்தது உட்கார்ந்திருந்ததல்ல, இறங்கின பிறகு வரிசையில் நின்றதுதான். நான் நேர் விமானமே என்பேன்.

தெம்பனிஸ்வாசி:
சரி, நேர் விமானமே. சக்கர நாற்காலிக்கு இப்போதுதான் சொல்லி வைத்தேன். நாளை டாக்டரிடம் போகிறோம்.