இது என்ன அசிடியன்? திங்கட்கிழமை ரெக்கார்டு வைக்க வேண்டும், உதவுங்கள்

முத்துநகர்_மாணவி:
எம்.எஸ்சி. இரண்டாம் ஆண்டு. காலனி அசிடியன் (கடலில் எதன்மேலாவது ஒட்டிக் கூட்டமாக வாழும் சிறு விலங்கு) ஒன்று கிடைத்திருக்கிறது, படம் போட்டிருக்கிறேன். மண் நிறம், மெத்தென்று தட்டையாகப் படர்ந்திருக்கிறது. ஸ்பீசிஸ் பெயர் வேண்டும். தெரிந்தவர்கள் சீக்கிரம் சொல்லுங்கள்.

தூண்டில்காரன்:
எந்த ஊர்? எவ்வளவு ஆழம்? எதன்மேல் ஒட்டியிருந்தது? படத்தில் ஸ்கேல் வைக்கவில்லை, நகத்தளவா கையகலமா என்றே தெரியவில்லை.

நீலத்திரை:
போட்ரில்லஸ் ஷ்லோசெரிதான். 1766-லேயே பல்லாஸ் விவரித்தது. படகு கட்டும் இடமெல்லாம் வரும்.

அலையாத்தி:
கடற்பஞ்சு மாதிரி இருக்கிறதே?

ஆய்வக_மேசை:
படத்தைப் பார்த்து ஸ்பீசிஸ் சொல்வது கைரேகை ஜோசியம். எம்.எஸ்சி. வரை வந்தவருக்கு இது தெரிந்திருக்க வேண்டும். ஸூயிடை, அதாவது காலனியில் இருக்கும் தனி உயிரை, பிரித்துப் பாருங்கள். செவுள்துளை எத்தனை வரிசை? விந்துக்குழாய் நேராக இருக்கிறதா, சுருண்டிருக்கிறதா? ஸ்பிக்யூல், அதாவது நுண்ணிய சுண்ணாம்புத் துகள், உண்டா? இந்த மூன்றும் இல்லாமல் பேச ஒன்றுமில்லை.

முத்துநகர்_மாணவி:
மன்னிக்கவும், அவசரத்தில் விட்டுவிட்டேன். தூத்துக்குடி. துறைமுகத்தில் கட்டிக் கிடந்த பழைய கயிறு, இரண்டடி ஆழம். உள்ளங்கை அகலம். ஸ்பிக்யூல் இல்லை, மைக்ரோஸ்கோப்பில் பார்த்துவிட்டேன். பூ மாதிரி வட்டங்களும் இல்லை.

நீலத்திரை:
பூ வட்டம் இல்லையென்றால் போட்ரில்லஸை விட்டுவிடலாம். அப்போது டிப்ளோசோமா. டிடெம்னிட் குடும்பத்தில் ஸ்பிக்யூல் இல்லாதது அதுதான்.

தூண்டில்காரன்:
பொறுங்கள். தங்கச்சி, எதில் போட்டு வைத்தீர்கள்? எத்தனை நாள் ஆகிறது?

முத்துநகர்_மாணவி:
ஃபார்மலின். மூன்று வாரம்.

தூண்டில்காரன்:
போராக்ஸ் சேர்த்தீர்களா? சேர்க்காவிட்டால் ஃபார்மலின் நாள்பட அமிலமாகிவிடும். ஸ்பிக்யூல் என்பது கால்சியம் கார்பனேட், அதில் கரைந்துபோகும். எனக்கும் இப்படி ஆகியிருக்கிறது: சுண்ணாம்பு பூசியதுபோல் வெள்ளையாக இருந்த காலனி, ஒரு மாதம் கழித்து பாட்டிலைத் திறந்தால் கஞ்சி ஆடை மாதிரி மிதந்தது. அந்தத் துண்டை வைத்து "இல்லை" என்று எழுதாதீர்கள். அதே கயிற்றில் புதிதாக ஒரு துண்டு எடுங்கள். கடல்நீரில் போட்டு, நாட்டு மருந்துக் கடைப் புதினா உப்பை மேலே தூவி இரண்டு மணி நேரம் விடுங்கள். ஸூயிடுகள் சுருங்காமல் மயங்கும். பிறகு பிளேடால் மெல்லிய சீவல் எடுத்து ஸ்லைடில் வைத்து ஒரு சொட்டு வினிகர் விடுங்கள். குமிழி வந்தால் ஸ்பிக்யூல்.

ஆய்வக_மேசை:
பஞ்சு என்றவருக்கு: இதன் லார்வா தலைப்பிரட்டை போல் இருக்கும், வாலில் முதுகுநாண் (முதுகெலும்புக்கு முன்னோடியான தண்டு) ஓடும். 1866-இல் கோவலெவ்ஸ்கி அதைக் காட்டும் வரை நத்தை, சிப்பி இனத்தோடு சேர்த்து வைத்திருந்தார்கள். பஞ்சைவிட நமக்குத்தான் நெருங்கிய உறவு.

அலையாத்தி:
தெரிந்துகொண்டேன், நன்றி. தமிழில் கடல் பீச்சி என்று சொல்லலாமே? தொட்டால் தண்ணீரைப் பீச்சி அடிக்கிறது, பெயரே வேலையைச் சொல்லிவிடும்.

நீலத்திரை:
அசிடியன் போதும். ஆளுக்கொரு பெயர் வைத்தால் பிள்ளைகள் எதைத் தேடுவார்கள்?

அலையாத்தி:
நம் கடலில் கிடப்பதற்கு நம் சொல் வேண்டாமா? எங்கள் பள்ளியில் பிள்ளைகளுக்கு அசிடியன் என்றால் வாயில் நுழையவே இல்லை. பீச்சி என்றதும் உடனே பிடித்துக்கொண்டார்கள்.

ஆய்வக_மேசை:
தனித்து வாழும் பெரிய வகை பீச்சும். டிடெம்னிட் ஸூயிட் ஒவ்வொன்றும் ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான், பீச்சினாலும் கண்ணுக்குத் தெரியாது. பெயர்ச் சண்டைக்குத் தனி இழை போடுங்கள்.

முத்துநகர்_மாணவி:
காலையில் போய் எடுத்து வந்தேன். வினிகர் விட்டதும் குமிழி வந்தது, ஆனால் ஐந்தாறுதான். இன்னொரு சீவலில் நட்சத்திர வடிவ ஸ்பிக்யூல் தெரிந்தது, அங்கொன்றும் இங்கொன்றுமாக. செவுள்துளை 4 வரிசை. விந்துக்குழாய் சுருள். உறை முழுக்கக் கேழ்வரகை அடைத்த மாதிரி பழுப்பு உருண்டைகள், முட்டை வடிவம். அது என்ன?

தூண்டில்காரன்:
அது அதன் கழிவு. வெளியே தள்ளாமல் உறைக்குள்ளேயே சேர்த்து வைத்துக்கொள்ளும், அந்த மண் நிறம் அதனால்தான் வருகிறது. டிடெம்னம் சம்மட்டோடீஸ், 1895-இல் ஸ்லூய்ட்டர் விவரித்தது. பெயருக்கே மணல் போன்றது என்றுதான் பொருள். தூத்துக்குடிப் பக்கம் நிறையவே உண்டு.

ஆய்வக_மேசை:
3 வரிசையாக இருந்தால் ட்ரைடிடெம்னம் ஆகியிருக்கும், அது இல்லை. ஆனால் 4 வரிசையும் சுருளும் அதே குடும்பத்துப் பாலிசின்க்ரடானிலும் உண்டு. விரை ஒன்றா, பல துண்டுகளா? அதை எண்ணாமல் டிடெம்னம் என்று எழுதக் கூடாது.

முத்துநகர்_மாணவி:
எண்ணினேன், ஐந்து ஸூயிடிலும் ஒன்றுதான். ரெக்கார்டு எழுத உட்காருகிறேன். நன்றி அண்ணா, நன்றி சார்.

நீலத்திரை:
நான் சொன்ன இரண்டும் தப்பு. ஃபார்மலின் விஷயம் எனக்கும் புதிது.

ஆய்வக_மேசை:
95% ஆல்கஹாலில் ஒரு துண்டு தனியாக எடுத்து வைத்தீர்களா? நாளை டிஎன்ஏ பார்க்க வேண்டுமென்றால் ஃபார்மலினில் கிடந்தது உதவாது.

தூண்டில்காரன்:
தங்கச்சி? கயிற்றில் இன்னும் மிச்சம் இருக்கும், அதை அவிழ்ப்பதற்குள் ஒரு துண்டு எடுத்துவிடுங்கள்.