கதிரையா, நாற்காலியா? ஸ்பீச் தெரபி, ஆடியாலஜி மாஸ்டர்ஸுக்கு விண்ணப்பித்த அனுபவங்கள்

வெள்ளவத்தைவாசி:

நான் சைக்கொலஜி டிகிரி முடித்தவள். யு.கே.யில் ஸ்பீச் தெரபி மாஸ்டர்ஸுக்கு இரண்டு தரம் விண்ணப்பித்து, இரண்டாம் தரம்தான் இடம் கிடைத்தது. முதல் தரம் எங்கே கோட்டை விட்டேன் என்று சொல்கிறேன், யாருக்காவது காசு மிஞ்சட்டும்.

முதலில் ஒரு ஏஜென்சிக்குப் போனேன், பெயர் வேண்டாம். அங்கிருந்த பிள்ளை, தலைப்பில் 'மொழி' என்று இருந்த ஏதோ ஒரு கோர்ஸை எடுத்துக் காட்டி "இதுவும் அதுதான் அக்கா" என்றது. அது அது இல்லை. என்னைப் போல வேறு டிகிரி வைத்திருப்பவர்கள் தெரபிஸ்டாக வேலை செய்ய வேண்டுமென்றால் 'ப்ரீ-ரெஜிஸ்ட்ரேஷன்' என்று தெளிவாகப் போட்டிருக்கும் கோர்ஸைத்தான் தேட வேண்டும், பெரும்பாலும் இரண்டு வருடம், அதை முடித்தால்தான் எச்.சி.பி.சி.யில், அதாவது தெரபிஸ்ட் போன்றவர்களைப் பதிவு செய்யும் அந்நாட்டுச் சபையில், பதியலாம். மற்றதை முடித்தால் சுவரில் மாட்டச் சான்றிதழ் கிடைக்கும்.

அடுத்த அடி ஐ.ஈ.எல்.டி.எஸ். ஆங்கிலப் பரீட்சை. எச்.சி.பி.சி. மற்றத் துறைக்காரர்களிடம் 7 கேட்கிறது, ஸ்பீச் தெரபிக்கு மட்டும் மொத்தம் 8, எந்தப் பகுதியும் 7.5க்குக் கீழே போகக் கூடாது. எனக்கு ரைட்டிங் 7. அந்த அரைப் புள்ளிக்காகத் திரும்பவும் முழுக் காசு கட்டினேன்.

ஆனால் உண்மையில் என்னைக் கவிழ்த்தது பெர்சனல் ஸ்டேட்மென்ட்தான். முதல் தரம் "சிறு வயதிலிருந்தே பிறருக்கு உதவ ஆசை" என்று எழுதினேன். இப்போது வாசித்தால் எனக்கே கொட்டாவி வருகிறது.

அந்த வருடம் இடம் கிடைக்காததால் ஒரு தனியார் தெரபி சென்டரில் உதவியாளராகச் சேர்ந்தேன். அங்கே இருந்த படக் கார்டுகள் சென்னையிலிருந்து வந்தவை. ஒரு நாள் ஐந்து வயதுப் பையன் ஒருவனுக்கு நாற்காலிப் படத்தைக் காட்டினேன், "கதிலை" என்றான். நிலக்கடலைப் படத்துக்கு "கச்சான்". ஷீட்டில் இருந்த விடைகளோ நாற்காலி, வேர்க்கடலை. இரண்டுக்கும் தவறு போட்டுவிட்டு, வீடு போகும் பஸ்ஸில்தான் எனக்கு மண்டையில் அடித்தது. நாற்காலி கார்டை வைத்திருப்பதே சொல் நடுவில் 'ல' வருகிறதா என்று பார்க்க. நம் இலங்கைப் பிள்ளை நாற்காலியைக் கதிரை என்றுதான் சொல்லும், அதில் 'ல'வே இல்லை. ஆக 'ல'வைச் சோதிக்கவே இல்லை, ஆனால் அவனுடைய உண்மையான பிரச்சினை, 'ர' 'ல'வாக மாறுவது, அதே சொல்லில் பளிச்சென்று வெளியே வந்திருக்கிறது, அதைக் குறிக்க ஷீட்டில் கட்டமே இல்லை.

இரண்டாம் தரம் இதை மட்டும்தான் எழுதினேன். கதிரை போர்த்துக்கீசர் விட்டுப்போன சொல் என்பதையும் ஒரு வரி சேர்த்தேன், கொஞ்சம் பீற்றிக்கொள்ளத்தான். இன்டர்வியூவில் பாதி நேரம் அதைப் பற்றியே போனது. "இரண்டு மொழி பேசுவதால் பிள்ளை குழம்புகிறது, வீட்டுமொழியை நிறுத்தவா என்று தாய் கேட்டால்?" என்றார்கள். அந்தப் பையனின் தாயே அதைக் கேட்டவர், யாரோ ஒரு வைத்தியர் அப்படிச் சொல்லி அனுப்பியிருந்தார். நிறுத்தத் தேவையில்லை, இரண்டு மொழி பேசுவதால் மொழிக் குறைபாடு வராது, குறைபாடு இருந்தால் இரண்டு மொழியிலும் தெரியும் என்று அவருக்குச் சொன்னதையே இவர்களுக்கும் சொன்னேன்.

ராகமை ரயில்:

உயர்தரத்தில் (ஏ.எல்.) பயோ செய்யும் தம்பி தங்கச்சிமார் இருந்தால் யு.கே.க்கு முன்னால் ராகமையைப் பாருங்கள். களனிப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தில் ஸ்பீச் அண்ட் ஹியரிங் சயன்ஸஸ், நாலு வருடம். கொழும்புக் கோட்டையிலிருந்து ரயில். கிளினிக்கில் பெரும்பாலும் சிங்களம், தமிழ்த் தாய் ஒருவர் வந்துவிட்டால் பக்கத்து அறையில் இருந்தாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள்.

பிறகு எம்.எஸ்சி.க்கு இந்தியா. அங்கே காது கேட்பதைச் சோதிக்கும் ஆடியாலஜி தனி, ஸ்பீச் தனி, விண்ணப்பிக்கும்போதே முடிவு எடுக்க வேண்டும். நான் ஆடியாலஜி. வெள்ளவத்தைவாசி சொன்ன கதை எனக்குச் சென்னையில் தலைகீழாக நடந்தது. ஒரு பாட்டியின் காதைச் சோதிக்க நான் வாயால் சொற்களைச் சொல்லச் சொல்ல அவர் திருப்பிச் சொல்ல வேண்டும். நான் "காற்று" என்றேன், அவர் "காட்டு" என்றார். அவருடைய காது பிழையா, என் 'ற்ற' பிழையா? நம் ஆட்கள் சொல்லும் 'ற்ற' அவர்களுக்கு 'ட்ட' மாதிரித்தான் கேட்கும். முடிந்ததும் பாட்டி "தம்பி கேரளாவா?" என்று கேட்டார். அதன்பிறகு ஒலிப்பதிவு செய்த சொற்பட்டியல் இருந்தால் நான் வாய் திறப்பதில்லை.

தெஹிவளை மகள்:

நான் அமெரிக்கா பார்த்தேன். அங்கே ஆடியாலஜிக்கு மாஸ்டர்ஸ் போதாது, ஏயு.டி. என்ற டாக்டரேட், வழக்கமாக நாலு வருடம். எங்கள் வாப்பா "நாலு வருடம் படித்துக் காது மெஷின் விற்கப் போறியா?" என்றார்.

நான் விண்ணப்பித்தது 2022இல். மார்ச் தொடக்கத்தில் டொலர் 200 ரூபாய் சொச்சம், ஏப்ரலில் 300ஐத் தாண்டியது. அங்கே ஒரே தளத்தில்தான் எல்லாம் நிரப்புவது, ஆனால் பல்கலைக்கழகம் கூடக் கூடக் கட்டணமும் கூடும். எட்டு இடம் என்று எழுதி வைத்திருந்த லிஸ்ட் மூன்றானது. 13 மணி நேரக் கரண்ட் கட் காலத்தில் ட்ரான்ஸ்க்ரிப்ட் ஸ்கேன் பண்ணக் கடை தேடி அலைந்ததைச் சொன்னால் இன்றும் உம்மா சிரிப்பார். மூன்றில் ஒன்றிலும் கிடைக்கவில்லை. இந்த வருடம் திரும்பவும் போடுகிறேன், இம்முறை லிஸ்டில் சென்னையும் இருக்கிறது.

கொட்டாஞ்சேனைத் தம்பி:

அக்கா, எல்லாம் சரி, அந்தக் கதிலைப் பையன் என்னவானான்?

வெள்ளவத்தைவாசி:

நான் வெளிக்கிட முன்னர் ஒரு தரம் பார்த்தேன் தம்பி. அதே கார்டைக் காட்டினேன். இன்டர்நேஷனல் ஸ்கூலில் சேர்த்துவிட்டார்களாம், "சேர்" என்றான். 'ர்' சுத்தமாக இருந்தது.