சனிக்கிழமை பழைய வைன் சுவைப்பு: எல்லாப் போத்தலையும் ஒரு மணி நேரம் முன்னாடியே திறக்கணுமா?

தோட்டத்துமணி:
சுங்கை சிப்புட் மண்டபத்துல நடக்கப்போற சுவைப்புக்கு செல்வா போட்ட அறிவிப்பைப் பார்த்தேன். ஆறு போத்தல்: 1996 போர்தோ (பிரான்ஸ் சிவப்பு), 2001 ரியோஹா கிரான் ரிசர்வா (ஸ்பெயின் சிவப்பு), 1999 பரோலோ (இத்தாலி சிவப்பு), 1990 மோசல் ரீஸ்லிங் ஔஸ்லேசே (ஜெர்மன் வெள்ளை), 1985 வின்டேஜ் போர்ட் (போர்த்துக்கல் இனிப்பு வைன்), ஒரு புவால் மதெய்ரா. அடியில ஒரு வரி: "எல்லாத்தையும் ஒரு மணி நேரம் முன்னாடியே திறந்து குடுவையில ஊத்திடுவோம், அப்பதான் மூச்சு விடும்." அந்த ஒரு மணி நேரம் எங்கேருந்து வந்துச்சு? முப்பது வருஷ போர்தோவுக்கும் மதெய்ராவுக்கும் ஒரே கணக்கா? போர்தோவுல மிச்சமிருக்கிறது மெல்லிசான வாசனை. குடுவையில அரை மணி கிடந்தாலே அது போயிடலாம். ஏழு மணிக்கு 14 பேருக்கும் வெறும் புளிப்புத்தான் கிடைக்கும்.

செல்வா_சிப்புட்:
அண்ணே, அத்தனை வருஷம் மூடியே கிடந்த வைன். திறந்ததும் ஒரு மக்கல் வாடை இருக்கும், அது போகத்தான் ஒரு மணி நேரம். போன வருஷமும் இப்படித்தான் அறிவிப்பு போட்ட அன்னைக்கே குறை சொல்ல வந்தீங்க. உதவிக்குக் கூப்பிட்டப்ப ஆளைக் காணோம்.

தோட்டத்துமணி:
போன வருஷக் கதையை விடுங்க. மக்கல் வாடை போக கிளாஸ்ல ஊத்தி அஞ்சு நிமிஷம் சுழற்றினா போதும். அப்பவும் நனைஞ்ச அட்டைப்பெட்டி மாதிரி வாடை அடிச்சா அது கார்க் கெட்டதால வர்றது. ஒரு மணி இல்ல, ஒரு நாள் வச்சாலும் போகாது. போர்தோ பல்கலைக்கழகத்துல வைன் பாடம் நடத்தின எமில் பேனோ சொன்னதே இதுதான்: அடியில மண்டி இருந்தா மட்டும் தெளிவைக் குடுவையில இறுத்து ஊத்தணும், அதையும் பரிமாறுறதுக்குச் சற்று முன்னாடி செய்யணும்.

ஈப்போ_ராஜா:
பேனோ ஒருத்தர்தான் உலகமா? பிரான்சுலயே பழைய வைன் சேகரிக்கிற ஃபிரான்சுவா ஔடூஸ் பழைய போத்தலை நாலு மணி நேரம் முன்னாடியே திறக்கிறார். பரோலோவை எடுத்துக்குங்க. நெப்பியோலோ திராட்சையோட துவர்ப்பு நாக்கைப் பிடிச்சு இழுக்கும், 1999 இன்னும் இறுக்கமாத்தான் இருக்கும். அதுக்கு ஒரு மணி நேரமே பத்தாது. மணி அண்ணனுக்கு போர்தோவைத் தாண்டி வேற வைன் கண்ணுல படாது.

தோட்டத்துமணி:
ஔடூஸ் பேரைச் சொன்னவர் பாதியை முழுங்கிட்டார். அவர் கார்க்கை மட்டும் எடுத்துட்டு போத்தலை அப்படியே நிற்க வைக்கிறார், குடுவையில ஊத்தறதே இல்ல. போத்தல் கழுத்துல காற்று படுற இடம் ஒரு காசு அகலம். அகலக் குடுவையில ஒரு தட்டு அகலம். செல்வா எழுதினது குடுவையில ஒரு மணி நேரம். நான் கேக்கறதும் அதைத்தான்.

கோமதி:
ஒரு சந்தேகம். நீங்க பேசறது மண்டியைப் பிரிக்க இறுத்து ஊத்தறதா, இல்ல காற்றாட விடறதா? ரெண்டும் வேற வேற வேலை இல்லையா?

தமிழ்வாத்தியார்:
"வைன்" என்று எழுதுவதை முதலில் நிறுத்துங்கள். யவனர் கொண்டுவந்ததைச் சங்கத் தமிழர் தேறல் என்றார்கள். தேறல் என்றாலே மண்டி நீங்கித் தெளிந்தது. நல்ல சொல் இருக்கக் கடன் எதற்கு?

ஈப்போ_ராஜா:
வாத்தியார் ஐயா, கடையில போய் தேறல் ஒண்ணு கொடுங்கன்னு கேட்டா என்ன தருவாங்க?

தமிழ்வாத்தியார்:
கேட்டுப் பழக்கினால் தருவார்கள்.

தோட்டத்துமணி:
பேர் எதுவா இருந்தாலும் மண்டி மண்டிதான். போத்தல் எல்லாம் ஈப்போவுலேருந்து கார்ல வருது. வந்த அன்னைக்கே திறந்தா மொத்தமும் கலங்கலாத்தான் விழும், நாக்குல மணல் மாதிரி நெருடும். வியாழக்கிழமையே கொண்டு வந்து ரெண்டு நாள் நிமிர்த்தி வைங்க. வைன் அலமாரி இல்லாட்டி ஃபிரிட்ஜ் கீழ்த்தட்டு போதும், சனிக்கிழமை சாயந்திரம் வெளியே எடுத்துக்கலாம். கார்க்கு நடுவுல திருகைப் போட்டா முப்பது வருஷ கார்க் பொடியாகும். ரெண்டு தகடு வச்ச திறப்பானைக் கண்ணாடிக்கும் கார்க்குக்கும் நடுவுல மாத்தி மாத்தி அசைச்சு இறக்கி, திருகிக்கிட்டே மேல இழுங்க. கழுத்துக்குக் கீழ ஒரு டார்ச் லைட். போத்தலை ஒரே சாய்வுல பிடிச்சு, நடுவுல நிமிர்த்தாம ஊத்தணும். முதல்ல சிவப்பு தெளிவா ஓடும். அப்புறம் புகை மாதிரி ஒரு கோடு தோளைத் தாண்டி கழுத்துக்குள்ள வரும், அதோட நிறுத்திடணும். அடியில 50 மில்லி போகும், மிச்சம் 700. 14 பேருக்கு ஆளுக்கு 50 மில்லி சரியா வரும். இத்தனையும் 6.55-க்கு ஆரம்பிக்கிற வேலை, ஆறு மணிக்கு இல்ல.

செல்வா_சிப்புட்:
அப்ப போர்ட்டையும் 6.55-க்குத்தான் திறக்கணுமா? காற்று பட்டா கள்ளு மாதிரி புளிச்சிடும்னு பயமுறுத்துறீங்க.

தோட்டத்துமணி:
கள்ளுன்னு நான் எங்கே சொன்னேன்? கள்ளுல ஈஸ்ட் உயிரோட இருக்கு. காலையில இறக்கினது நொதிச்சுக்கிட்டே போய் பாக்டீரியாவால காடியாகும். பழைய வைன் ஒரு மணியில காடியாகாது, வாசனை பறந்து சப்புன்னு ஆகும். போர்ட்டுல சாராயம் சேர்த்து நொதிப்பை நிறுத்தறாங்க, சுமார் 20 சதவீத ஆல்கஹால், கூட சர்க்கரை. ரெண்டு, மூணு வருஷத்துலயே போத்தல்ல அடைக்கிறதால மண்டி முழுக்க போத்தலுக்குள்ளயே இறங்கும். அதை ரெண்டு மணி நேரம் முன்னாடியே இறுத்து வைக்கலாம். மதெய்ராவை முதல் நாளே திறங்க. மதெய்ராத் தீவுல அதைச் சூட்டுலயும் காற்றுலயும் வச்சுத்தான் பக்குவப்படுத்தறாங்க, தொட்டியில காய்ச்சற முறைன்னா 45-லேருந்து 50 டிகிரி, மூணு மாசம். அது பார்க்காத காற்றா? ரீஸ்லிங்கைக் குடுவையில ஊத்தவே கூடாது.

ஈப்போ_ராஜா:
ரியோஹாவை மறந்துட்டார்.

தோட்டத்துமணி:
மறக்கல. ரெண்டு வருஷமாவது ஓக் பீப்பாயில இருந்த வைன், மண்டி குறைவு. போத்தல்லேருந்து நேரா கிளாஸுக்கு.

கோமதி:
ரீஸ்லிங் போத்தல் அடியில கண்ணாடித் தூள் மாதிரி தெரியுது, கெட்டுப் போச்சா? வரிசையில அதுதானே முதல்ல, வெள்ளை வைன்?

ஈப்போ_ராஜா:
கெடலைம்மா. அது டார்டாரிக் அமில உப்பு, குளிர்ல படிகமாகும், குடிச்சாலும் ஒண்ணும் ஆகாது. மண்ணெண்ணெய் மாதிரி ஒரு வாடையும் வரும், பழைய ரீஸ்லிங்குக்கு அது இயல்பு. ஔஸ்லேசேல இனிப்பு இருக்கு, முதல்ல ஊத்தினா பின்னாடி வர்ற சிவப்பு எல்லாம் கசக்கும். போர்தோ, ரியோஹா, பரோலோ, அப்புறம் ரீஸ்லிங், போர்ட், மதெய்ரா. இதுலயாவது மணி அண்ணன் வாயைத் திறக்க மாட்டார்.

தோட்டத்துமணி:
வரிசை சரி. ஒரு மணி நேரம்தான் தப்பு. மண்டபத்துல ஏர்கோன் இல்ல, சாயந்திரம் 30 டிகிரி. 16 டிகிரியில எடுத்த போர்தோ ஒரு மணி நேரம் குடுவையில நின்னா 20-ஐத் தாண்டிடும். மூக்கை கிட்ட கொண்டு போனா ஆல்கஹால்தான் முதல்ல ஏறும், பழ வாசனையும் பதனிட்ட தோல் வாசனையும் அடியில அமுங்கிடும்.

செல்வா_சிப்புட்:
குடுவையை ஐஸ் தண்ணியில வச்சா?

தோட்டத்துமணி:
சூடு குறையும். பறந்த வாசனை திரும்பி வராது.

தமிழ்வாத்தியார்:
"ஏர்கோன்" அல்ல, குளிரூட்டி.

ஈப்போ_ராஜா:
பரோலோவுக்கு ஒரு மணி பத்தாதுன்னு சொன்னேனே, அதுக்கு இன்னும் பதில் வரல.

தோட்டத்துமணி:
பரோலோவைக் காலையிலயே கார்க் எடுத்து, ஒரு வாய் அளவு ஊத்தி மட்டத்தைத் தோளுக்குக் கொண்டு வந்து, போத்தல்லயே குளிர்ச்சியா நிற்க வைங்க. பரோலோ விளையிற பியட்மாண்ட் பக்கத்து வைனுக்கு அந்தப் பொறுமைதான் சரி. குடுவை வேணாம்.

ஈப்போ_ராஜா:
ஆக நீண்ட நேரம் வேணும்னு ஒத்துக்கிட்டார், பாருங்க.

தோட்டத்துமணி:
ஒத்துக்கல. போத்தல் வேற, குடுவை வேற.

செல்வா_சிப்புட்:
அறிவிப்பு அச்சடிச்சுக் கடைவீதி பூரா ஒட்டியாச்சு. ஆறு மணிக்குத் திறப்போம், ஏழு மணிக்கு ஊத்துவோம்.

தோட்டத்துமணி:
1996-ஐ மட்டும் ஆறு மணிக்குத் தொடாதீங்க, செல்வா.