ஆயா வீடு வாட்ஸ்அப் குழு: போனில் 34, உடம்புக்கு 47

வேலூர் சித்தி: இங்கே வெயில் 40 டிகிரி அடிக்கிறது. உங்கள் சென்னை தண்டையார்பேட்டைக்குப் போன் வானிலையில் 34தான் போட்டிருக்கிறான். கடல் பக்கத்தில் இருந்துகொண்டு என்ன புலம்பல்?

செல்வி: சித்தி, வந்து ஆயா வீட்டு ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டுக்குக் கீழே அரை மணி உட்காருங்கள், அப்புறம் பேசலாம். காலையில் போட்ட துணி இன்னும் ஈரம்.

பெரியப்பா: 34க்குக் கீழேயே 'உணர்வது 47' என்றும் போடுகிறான். ஒரே போனில் இரண்டு கணக்கா? எதை நம்புவது?

மணி: இரண்டையும்தான் பெரியப்பா. 34 என்பது காற்றின் சூடு. 47 வியர்வைக் கணக்கு. வியர்வை காய்ந்தால்தான் உடம்பு குளிரும், ஆனால் இப்போது காற்றிலேயே ஈரப்பதம் 70 சதவீதம், அப்புறம் அது எங்கே காயும், சொட்டத்தான் செய்யும். 1979இல் ஸ்டெட்மன் என்பவர் போட்ட கணக்கிலிருந்து வந்தது. அதுவும் நிழலில் இருப்பவருக்கு. வெயிலில் நின்றால் இன்னும் 8 டிகிரி வரை கூடலாம்.

மணி: சித்தி கோபப்படக் கூடாது. உங்கள் 40இல் ஈரப்பதம் 20 என்றால் உணர்வதும் 40ஐ ஒட்டித்தான் இருக்கும்.

வேலூர் சித்தி: சரி சரி. இங்கே துணி மட்டும் அரை மணியில் காய்ந்துவிடும், அது நிஜம்.

பெரியப்பா: அப்போ இதை ஏன் வெப்ப அலை என்று சொல்லவில்லை? காசிமேட்டில் 9 மணிக்கே ஐஸ் தண்ணியாகிவிடுகிறது.

மணி: வானிலைத் துறைக்கு அளவு வேறு. கடலோரம் என்றால் 37ஐத் தொட வேண்டும், வழக்கத்தைவிட 4.5 டிகிரி கூடியும் இருக்க வேண்டும். குறைந்தது 2 நிலையங்களில் 2 நாள் தொடர்ந்தால் இரண்டாம் நாள்தான் அறிவிப்பு. இதில் ஈரப்பதத்துக்கு இடமே இல்லை. 2023 முதல் இந்த 'உணர்வது' கணக்குக்கும் உணர்வெப்ப வரைபடம் என்று சோதனையாகப் போடுகிறார்கள், ஆனால் அறிவிப்பு என்னவோ பழைய அளவில்தான். நம்மைப் பிழிவது புழுக்கம், அளப்பது வெயிலை!

பெரியப்பா: 2003 மே 31 நினைவிருக்கிறதா? நுங்கம்பாக்கத்தில் 45. ராத்திரி எல்லாரும் மொட்டை மாடியில்தான் கிடந்தோம்.

மணி: கடல்காற்று மதியத்துக்குள் நுழையாமல் மேற்குக் காற்று தடுத்தால் இங்கே அப்படித்தான் ஏறும். கடல்காற்று வந்தால் சூடு குறையும், ஈரம் ஏறும். நமக்கு இரண்டு பக்கமும் இடி.

செல்வி: இவன் மதியம் கூடத்தில் என்னவோ ஆராய்ச்சி செய்தானே?

மணி: இரண்டு தெர்மாமீட்டர். ஒன்று சும்மா, 38. இன்னொன்றின் நுனியில் ஈரத்துணி சுற்றி விசிறினேன், 30இல் நின்றது. அந்த ஈரத்துணிக் கணக்கு 35 போனால், நிழலில் சும்மா உட்கார்ந்திருந்தாலும் உடம்பால் சூட்டை வெளியே தள்ள முடியாது. வயதானவர்களுக்கு அதற்கு வெகு முன்பே ஆபத்து. அதனால் ஆயாவை மதியம் கீழ் வீட்டில் படுக்க வையுங்கள்.

செல்வி: ஆயா கேட்குது, அந்த ஈரத்துணி எது என்று.

மணி: தாத்தா வேட்டியில் ஒரு ஓரம்...

செல்வி: நீ இன்றைக்கு வீட்டுக்கு வராதே.