கண்டிஷனல் ப்ராபபிலிட்டி: சார்பா, நிபந்தனையா?

வணக்கம்,

கண்டிஷனல் ப்ராபபிலிட்டிக்கு (ஒண்ணு நடந்திருக்குன்னு தெரிஞ்சா இன்னொண்ணுக்கு எவ்வளவு வாய்ப்புங்கிறதுக்கு) தமிழ்ல 'சார்பு நிகழ்தகவு' போதும், சின்னதா இருக்கு, வாயில நுழையுதுன்னு இந்த இழையில மேல ரெண்டு மூணு பேர் சொல்லியிருக்கீங்க. எனக்கு ஒத்துவரல. கணக்குல சார்புன்னாலே ஃபங்ஷன்தான்னு ஊறிப்போச்சு, சரி அதக்கூட இடத்தைப் பாத்து புரிஞ்சுக்கலாம், சிக்கல் வேற இடத்துல இருக்கு. ஒரு டேபிளை வெச்சே சொல்றேன்.

200 பேர்கிட்ட சர்வே எடுத்ததா வெச்சுக்குங்க (நம்பர் எல்லாம் நானா போட்டது). படிக்கிறது ஸ்க்ரீன்லயா பேப்பர்லயா, கண்ணாடி உண்டா இல்லையா. ஸ்க்ரீன் 120 பேர், அதுல கண்ணாடி 60. பேப்பர் 80 பேர், அதுல கண்ணாடி 20. ஆக கண்ணாடி போடுறவங்க மொத்தம் 80, நிகழ்தகவு 80/200, அதாவது 0.40. ஸ்க்ரீன், கண்ணாடி ரெண்டும் சேந்து வர்றது 60/200, 0.30. ஆள் ஸ்க்ரீன்ல படிக்கிறவர்னு முன்னாடியே தெரிஞ்சா கண்ணாடிக்கு 60/120, 0.50. அதையே திருப்பிப் போட்டு, கண்ணாடிக்காரர்னு தெரியும் ஸ்க்ரீன்ல படிக்கிறவரான்னு கேட்டா 60/80, 0.75. கடைசி மூணுலயும் மேல நிக்கிறது அதே 60தான், கீழ இருக்கிறதுதான் மாறுது, பசங்க கோட்டை விடுறதும் அங்கதான்.

இப்போ 60ஐ 48 ஆக்குங்க, 20ஐ 32 ஆக்குங்க. ஸ்க்ரீன்ல 48/120, பேப்பர்ல 32/80, மொத்தத்துல 80/200, மூணுமே 0.40. எதுல படிச்சா என்ன, கண்ணாடிக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல, இதைத்தான் சார்பற்ற நிகழ்ச்சிகள்னு சொல்றோம். ஆனா அந்த 48/120 இருக்கே, அதுவும் கண்டிஷனல் தானே! அப்போ 'சார்பற்ற நிகழ்ச்சிகளின் சார்பு நிகழ்தகவு'ன்னுல்ல எழுதணும், படிக்கிற புள்ள தலைய பிச்சுக்காதா? நிபந்தனைன்னு சொன்னா இந்த இடிப்பே வராது, நிபந்தனை போட்டுப் பாத்தோம், ஒண்ணும் மாறல, அவ்ளோதான். அதனால என் ஓட்டு 'நிபந்தனை நிகழ்தகவு'க்கு, நீளம்னா நீளமாவே இருந்துட்டுப் போகட்டும்.

மார்ஜினல் ப்ராபபிலிட்டிக்கு (கண்ணாடிக்கு மட்டும் பாத்த 80/200 மாதிரி, இன்னொண்ணைக் கண்டுக்காம பாக்கிறதுக்கு) 'விளிம்புநிலை' தயவுசெஞ்சு வேணாம், அது ஒதுக்கப்பட்ட மக்களைச் சொல்ற சொல்லா நிலைச்சிடுச்சு. டேபிளோட வலது ஓரத்துலயும் அடி ஓரத்துலயும் போடுற மொத்தத்துல இருந்து வர்றதாலதான் அதுக்கு அந்தப் பேரே. 'ஓர நிகழ்தகவு' போதும்.

ஜாயின்ட்டுக்குத்தான் (ரெண்டும் சேந்து வர்றதுக்கு, முதல்ல பாத்த 60/200 மாதிரி) எனக்கு இன்னும் திருப்தியா ஒண்ணும் சிக்கல. 'கூட்டு நிகழ்தகவு' புழக்கத்துல இருக்கு, ஆனா பக்கத்துலயே கூட்டல் தேற்றம் (ரெண்டுல ஏதாவது ஒண்ணாவது நடக்க எவ்வளவு வாய்ப்புன்னு சொல்றது) வர்றதால ரெண்டு நிகழ்தகவையும் கூட்டிடுறாங்க, மேல உள்ள முதல் டேபிள்ல கண்ணாடியோட 0.40ஐயும் ஸ்க்ரீனோட 0.60ஐயும் கூட்டினா 1 வரும், விடையோ 0.30. 'உடனிகழ் தகவு'ன்னு ஒண்ணு யோசிச்சேன், கொஞ்சம் கரடுமுரடா இருக்கு. வேற யாருக்காவது தோணினா சொல்லுங்க.