12 ஆயிரத்துக்குள்ள வோக்கல் ரெக்கார்டிங்குக்கு கண்டென்சர் மைக், எதை வாங்கலாம்? (ரோட்டோர ரூம், வேளச்சேரி)

மொட்டைமாடி_குரல்:

வணக்கம் மக்களே, ரெண்டு வாரமா யூட்யூப் ரிவ்யூ பாத்துப் பாத்து மண்டை காஞ்சு போய் இங்க வந்து நிக்கிறேன். நமக்கு வேளச்சேரி, ரெண்டாவது மாடி, பத்துக்குப் பத்து ரூம், ஒரு பக்கம் ஸ்டீல் பீரோ, எதிர்ப்பக்கம் ஜன்னல், ஜன்னலுக்கு வெளிய மெயின் ரோடு. நான் சினிமா பாட்டு கவர் பாடுவேன், தங்கச்சி கர்நாடக சங்கீதம், அஞ்சு கட்டை. இதுவரைக்கும் ஃபோன்லயே ஓட்டிட்டோம், போன மாசம் ஃப்ரெண்டு ஒருத்தன்கிட்ட ஃபோகஸ்ரைட் ஸ்கார்லெட் 2ஐ2 (மூணாவது ஜெனரேஷன், மைக்கைக் கம்ப்யூட்டரோட சேக்குற இன்டர்ஃபேஸ் பெட்டி) செகண்ட் ஹேண்ட்ல வாங்கிட்டேன். மைக்குக்கு கையில 12 ஆயிரம் இருக்கு, ஸ்டாண்டு கேபிள் பாப் ஃபில்டர் எல்லாம் அதுக்குள்ளயே முடியணும், அதுக்கு மேல ஒத்த ரூபா கேட்டாலும் அப்பா என்னையும் இன்டர்ஃபேஸையும் சேத்து வெளிய வெச்சிருவாரு.

லிஸ்ட்ல இருக்கறது ஆடியோ டெக்னிகா ஏடி2020, செகண்ட் ஹேண்ட் ரோட் என்டி1-ஏ, கொஞ்சம் இழுத்துப் புடிச்சா ஏடி2035. குழப்பம் என்னன்னா ரிவ்யூக்காரங்க எல்லாரும் செல்ஃப் நாய்ஸ் செல்ஃப் நாய்ஸ்னு (மைக் தானாப் போடுற உஸ்ஸு) அதையே புடிச்சுத் தொங்குறாங்க, 2020-க்கு 20 டிபி (டெசிபல்), என்டி1-ஏக்கு 5 டிபியாம், 15 டிபின்னா பெரிய வித்தியாசமாச்சே, அப்ப 2020 வாங்கினா பாட்டுக்குப் பின்னாடி உஸ்ஸுன்னு கேட்டுட்டே இருக்குமா? இன்னொருத்தர் கண்டென்சரே வேணாம், ரோட்டு ஹார்ன் பூராவும் இழுத்துரும், டைனமிக் (மேடைல கையில புடிச்சுப் பாடுற டைப் மைக்) வாங்குன்றாரு. முன்னாடி ஒரு தடவை பேரில்லாத மைக் ஒண்ணு ஆயிரம் ரூபாய்க்குள்ள வாங்கி, பாடினா தகர டப்பாக்குள்ள இருந்து கேட்ட மாதிரி இருந்துச்சு, அதனால இந்தத் தடவை பயமாவே இருக்கு.

அப்புறம் சின்ன டவுட்டு, சிரிக்காதீங்க. கண்டென்சர் மைக்குக்குக் கரண்டு குடுக்க இன்டர்ஃபேஸ்ல இருக்கற 48 வோல்ட் பட்டனை அமுக்கினா மைக்கைத் தொட்டா ஷாக் அடிக்குமான்னு அம்மா கேக்குறாங்க. எனக்கும் லைட்டா அந்த டவுட்டு இருக்கு.

—

ஃபேடர்_பெருசு:

தம்பி, அம்மா கிட்ட சொல்லு, அடிக்காது. 48 வோல்ட் ரெண்டு 6.8 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியாத்தான் வருது, கரண்டு சில மில்லி ஆம்பியர்தான். கண்டென்சர் மைக்குக்குள்ள தங்கப் பூச்சு பூசின மெல்லிசான ஒரு பிளாஸ்டிக் படலம், அதுக்குப் பின்னாடி ஒரு தகடு, ரெண்டும் சேந்தா ஒரு கப்பாசிட்டர், அவ்ளோதான், அதோட சிக்னலை வெளிய தள்ளுற சர்க்யூட்டுக்குக் கரண்டு வேணும். 1966-ல நாய்மன் கம்பெனிக்காரங்க நார்வே ரேடியோவுக்கு மைக் செஞ்சு குடுத்தப்ப அந்த ஸ்டுடியோவுல எமர்ஜென்சி லைட்டுக்காக 48 வோல்ட் லைன் ஏற்கனவே ஓடிட்டிருந்துச்சு, சரி அதுலயே எடுத்துக்கலாம்னு வெச்சாங்க, அப்படி வந்த நம்பர்தான் இது. மைக்கைச் சொருகிட்டு, ஹெட்ஃபோன் வால்யூமைக் குறைச்சிட்டு, அப்புறம் பட்டனை அமுக்கு, இல்லன்னா காதுல டப்புன்னு ஒண்ணு விழும்.

இப்ப அந்த 20-க்கும் 5-க்கும் வருவோம். நடுராத்திரி ஃபேன் ஆஃப் பண்ணின ஒரு ரூம்லயே சும்மா 30 டிபி சத்தம் இருக்கும், உன் ரோட்டோர ரூம்ல அதுக்கும் மேலதான். 30 டிபி ரூம்ல 20 டிபி நாய்ஸ் உள்ள மைக்கை வெச்சா ரெண்டும் சேந்து 30.4 ஆகும். 5 டிபி மைக்கை வெச்சா 30. டிபிங்கறது ரெண்டையும் அப்படியே கூட்டுற கணக்கு இல்ல, அதுலதான் எல்லாரும் ஏமாறுறாங்க. அதாவது 15 டிபிக்குக் காசு குடுத்து உனக்குக் கைக்கு வர்றது அரை டிபி கூட இல்ல. உனக்குக் கேக்கப்போற உஸ்ஸு மைக்கோடது இல்ல, உன் ரூமோடது. பெரிய ஸ்டுடியோக்காரங்க கொண்டாடுற நாய்மன் யூ87 ஏஐ மைக்குக்கே செல்ஃப் நாய்ஸ் 12 டிபிதான், நம்பர் கம்மின்றதுக்காக என்டி1-ஏ அதை விட ஒசத்தின்னு யாராவது சொல்லிக் கேட்ருக்கியா.

அதனால மைக் வாங்குறதுக்கு முன்னாடி ஒரு வேலை செய். ராத்திரி ஃபோனை மைக் வெக்கப்போற இடத்துல வெச்சு ஒரு நிமிஷம் சும்மா ரெக்கார்ட் பண்ணு, முதல்ல ஃபேனோட, அப்புறம் ஃபேன் இல்லாம, அப்புறம் ஃப்ரிட்ஜை ஆஃப் பண்ணிட்டு. ஹெட்ஃபோன்ல சவுண்டைக் கூட்டிக் கேளு. அப்புறம் கை தட்டிப் பாரு, தட்டினதுக்கு அப்புறம் ட்ரிங்ங்னு ஒரு வால் வருதா? அந்தப் பீரோ சும்மா இருக்காது, நான் எழுதித் தரேன்.

அடுத்தது, எதிர்ல எது, பின்னாடி எது. நீ சொன்ன மூணுமே கார்டியாய்ட் பேட்டர்ன், முன்னாடி கேக்கும், முதுகுப் பக்கம் காது மந்தம். மைக்கோட முதுகை ஜன்னலுக்குக் காட்டு. அப்ப பாடுறவங்க ஜன்னலைப் பாத்து நிப்பீங்க. உங்க முதுகுக்குப் பின்னாடி இருக்கற சுவத்துல பட்டுத் திரும்பி வர்ற சத்தம் நேரா மைக் வாய்க்குள்ள போகும், அங்கதான் மெத்தை வேணும். ஜனங்க என்னன்னா மைக்குக்குப் பின்னாடி அரைவட்டமா ஒரு ஃபோம் கேடயம் வாங்கி மாட்டிட்டு வேலை முடிஞ்சதுன்னு நினைக்கிறாங்க, கேக்காத பக்கத்தை மூடி என்ன பிரயோஜனம். வீட்ல பழைய இலவம்பஞ்சு மெத்தை இருந்தா அதை நிமித்தி வெச்சு முன்னாடி நின்னு பாடு. முட்டை அட்டை, ஒரு இஞ்ச் ஃபோம், இதெல்லாம் உச்சஸ்தாயி பளபளப்பை மட்டும் தின்னுட்டு நடு சத்தத்தை விட்ரும், ரூம் இன்னும் மொந்தையாதான் கேக்கும். பீரோ கதவை நல்லாத் தொறந்து வெச்சிரு, உள்ள அடுக்கியிருக்கற புடவை நல்ல அப்சார்பர்.

மைக் எதுன்னு கேட்டல்ல, 2020 போதும்.

—

எல்லாம்_டைனமிக்தான்:

ரோட்டோர ரூம்னு சொல்லிட்டு கண்டென்சர் கேக்குறீங்களே ப்ரோ. கண்ண மூடிட்டு ஷூர் எஸ்எம்58 வாங்குங்க, கீழ போட்டாலும் ஒடயாது, ஹார்ன் சத்தம் எடுக்காது, மேடைக்கும் ஆச்சு வீட்டுக்கும் ஆச்சு. நான் பைக் ஷெட்டுக்கு மேல ரூம் போட்டு அதுலதான் ரெக்கார்ட் பண்றேன், ஒரு பிரச்சனை இல்ல.

—

ஃபேடர்_பெருசு:

58 நல்ல மைக், அதுல சண்டை இல்ல. ஆனா டைனமிக் வெளிச்சத்தம் எடுக்காதுன்றது பாதிக்கதை. ரெண்டையும் வாய்க்கு ஒரே தூரத்துல வெச்சு, பாட்டு ஒரே லெவல்ல வர்ற மாதிரி கெயின் (மைக் சிக்னலைப் பெருசாக்குற குமிழ்) திருப்பினா ஹார்னும் ஏறக்குறைய ஒரே அளவுதான் வரும், ரெண்டுமே கார்டியாய்ட்தானே. 58-ஐ நீங்க உதட்டுல ஒட்டி வெச்சுப் பாடுறீங்க, அதுலதான் வெளிச்சத்தம் அமுங்குது. தூரம் பாதியானா குரல் 6 டிபி ஏறும், ரோடு ஏறாது. அந்த வித்தையை கண்டென்சர்லயும் ஓரளவு செய்யலாம். ஏடி2020-ஓட சென்சிட்டிவிட்டி 58-ஐ விட 17 டிபிக்கு மேல கூட, அதனால 2ஐ2-ல கெயினைக் கடைசி வரைக்கும் முறுக்க வேண்டிய வேலையும் இல்ல. இவர் தங்கச்சி ஆலாபனை பாடுறப்ப மைக்கை உதட்டுல ஒட்டி வெச்சுட்டு நிக்க முடியுமா, யோசிச்சுப் பாருங்க.

—

காலைல_பூபாளம்:

கோயமுத்தூர்ல இருந்துங்க. நானும் பாடறவதான், கொரோனா சமயத்துல வீட்ல ரெக்கார்டிங் ஆரம்பிச்சது இன்னும் ஓடிட்டிருக்குதுங்க. தம்பி, உங்க தங்கச்சிக்காக ரெண்டு விசயம் சொல்றனுங்க.

கமகம் புடிக்கறப்ப நம்மளுக்குத் தெரியாமயே தலை ஆடும், மைக் நாலு இஞ்ச்ல இருந்தா ஒரு சங்கதி கனமா ஒரு சங்கதி சோகையா பதிவாகும், கிட்டப் போனா அடிச்சத்தம் தனியா ஊதிக்கும் வேற. ஒரு சாண் தள்ளி உக்காரோணும், அதுக்குன்னு ஒரு முழம் போயிட்டீங்கன்னா ரூம் உள்ள வந்துரும். நான் கட்டை விரலை மைக்ல வெச்சு சுண்டு விரல் மூக்குல படறாப்பல உக்காந்துக்குவனுங்க, அதுதான் எனக்கு அளவு. நோட்டுப் புத்தகத்தை மைக்குக்கும் உங்களுக்கும் நடுவுல மேஜை மேல படுக்க வெக்காதீங்க, லேப்டாப்பும் அப்படித்தான். குரல் அதுல பட்டு ஒரு நொடியில ஆயிரத்துல ஒரு பங்கு லேட்டா மைக்குக்குப் போச்சுன்னாலே போதும், 500, 1500, 2500 ஹெர்ட்ஸ்ல குழி விழுகும், குழாய்க்குள்ள இருந்து பாடறாப்பல இருக்கும். இதைக் கண்டுபுடிக்க எனக்கு ஆறு மாசமாச்சுங்க, அதுவரைக்கும் மைக்கைத்தான் திட்டிட்டு இருந்தேன்.

ஸ்ருதி பாக்ஸை வெளிய வெக்காதீங்க, ஹெட்ஃபோன்ல குடுங்க, அதுவும் காதை முழுசா மூடற க்ளோஸ்டு பேக் ஹெட்ஃபோனா இருக்கோணும். கண்டென்சர் எல்லாத்தையும் கேக்கும், ஹெட்ஃபோன் ஓரத்துல கசியற தம்புராவும் சேந்து பதிவாயிட்டா அப்புறம் எடுக்கவே முடியாதுங்க.

என்டி1-ஏ நான் ரெண்டு வருசம் வெச்சிருந்தனுங்க. சுத்தமான மைக், ஆனா என்ற குரலுக்கு மேல் பக்கம் கொஞ்சம் கூர்மை, ஸ, ஷ வர்ற இடமெல்லாம் காதுல ஊசி குத்தினாப்பல இருக்கும். மைக்கைக் கொஞ்சம் சாய்ச்சு வாய்க்கு நேரா இல்லாம வெச்சப்புறம் பாதி சரியாச்சு. தங்கச்சி குரல் ஏற்கனவே வெண்கல மணி மாதிரின்னா யோசிச்சு வாங்குங்க, கனமான குரல்னா அதுவே அழகா இருக்கும்.

2035-ல 80 ஹெர்ட்ஸ் கட் சுவிட்ச் இருக்குது, அதுக்குக் கீழ இருக்கற அடிச்சத்தத்தை வெட்டும், லாரி உறுமறதுக்கு நல்லது. அஞ்சு கட்டைக்கு கீழ போற மந்தர பஞ்சமமே 147 ஹெர்ட்ஸ் கிட்டத்தானுங்க வருது, அதனால பாட்டுக்கு ஒண்ணும் ஆகாது. 2020-ல அந்த சுவிட்ச் இல்ல, ஆனா அதையே சாஃப்ட்வேர்லயும் வெட்டிக்கலாம். 2035, என்டி1-ஏ ரெண்டுக்கும் ஷாக் மவுன்ட் (ஸ்டாண்டு அதிர்வு மைக்குக்குப் போகாம தாங்கற தொட்டில்) பெட்டியிலயே வரும், 2020-க்கு வராது, அந்தக் காசையும் கணக்குல சேத்துக்கோங்க.

—

உப்புக்காத்து:

தூத்துக்குடில இருந்து சொல்லுதேன் அண்ணாச்சி, செகண்ட் ஹேண்ட் கண்டென்சர்னா ரொம்பப் பாத்து வாங்கணும். டைனமிக்குக்கு ஈரம் அவ்வளவா தெரியாது, இது அப்படி இல்ல. படலத்துல ஈரமும் தூசியும் சேந்துட்டுன்னா அடுப்புல உப்பள்ளிப் போட்ட மாதிரி பட்பட்டுன்னு பொரியும். நான் ஒண்ணு வாங்கினேன், காமிச்ச அன்னைக்கு அருமையா இருந்துச்சு, வித்த ஆளு ஏசி ரூம்ல வெச்சுக் காமிச்சான், நானும் ஏமாந்துட்டேன். வீட்டுக்குக் கொண்டாந்து கடக்காத்துல வெச்சதும் பொரிய ஆரம்பிச்சுட்டு.

வாங்கப் போனா உங்க இன்டர்ஃபேஸையும் தூக்கிட்டுப் போங்க, 48 வோல்ட் போட்டு, யாரும் பேசாம, கெயினைக் கூட்டி ஒரு பத்து நிமிஷம் ஹெட்ஃபோன்ல சும்மா கேட்டுக்கிட்டே இருங்க. சங்கடப்படாதீங்க, பணம் நம்ம பணம். வாங்கினதுக்கப்புறம் பாடி முடிச்சா ஸ்டாண்டுலயே விட்றாதீங்க, எவர்சில்வர் சம்படத்துல சிலிகா ஜெல் பொட்டலம் நாலு போட்டு உள்ள வெச்சு மூடிருங்க. அரிசில போட்டு வெக்கலாம்னு ஒருத்தன் எனக்கு யோசனை சொன்னான், செஞ்சிராதீங்க, தவிட்டுத் தூசி பூரா உள்ள போயிரும்.

—

மொட்டைமாடி_குரல்:

எல்லாருக்கும் ரொம்ப தேங்க்ஸ். பெருசு சொன்ன டெஸ்டை நேத்து ராத்திரி பன்னெண்டரைக்குப் பண்ணினேன். ஃபேனை நிறுத்தினதும் அது போயிருச்சு, ஃப்ரிட்ஜை ஆஃப் பண்ணினா இன்னும் ஒரு ம்ம்ம்ம் மிச்சம் இருக்கு, எங்கிருந்துன்னு தேடித் தேடி கடைசில பாத்தா ஹால்ல இருக்கற இன்வெர்ட்டர். இத்தனை வருஷமா இந்த வீட்ல இருக்கேன், அது சத்தம் போடும்னே எனக்குத் தெரியாது. கை தட்டினப்ப பீரோ நிஜமாவே பாடுச்சு, கதவைத் தொறந்து வெச்சதும் வாயை மூடிக்கிச்சு. பெட்ரூம்ல இருந்து இலவம்பஞ்சு மெத்தையைத் தூக்கி நிறுத்தி, முன்னாடி நின்னு ஃபோன்லயே பாடிப் பாத்தேன், அதே ஃபோன்தான், ஏதோ காஸ்ட்லி மைக் மாதிரி இருந்துச்சு, கொஞ்சம் கடுப்பாவும் இருந்துச்சு, இவ்ளோ நாள் இது தெரியாமப் போச்சேன்னு.

தங்கச்சி குரல் பூபாளம் அக்கா சொன்ன மாதிரி வெண்கல மணி டைப்தான், அதனால என்டி1-ஏ வேணாம்னு விட்டாச்சு, செகண்ட் ஹேண்ட் ரிஸ்க்கும் வேணாம். 2035-க்கு இழுத்துப் புடிச்சா ஸ்டாண்டு, கேபிளுக்குக் காசு இருக்காது. சனிக்கிழமை ரிச்சி ஸ்ட்ரீட் போயி விலை கேட்டுட்டு 2020, ஷாக் மவுன்ட், கனமான அடி உள்ள ஸ்டாண்டு, எக்ஸ்எல்ஆர் கேபிள், பாப் ஃபில்டர், மிச்சம் இருந்தா ஒரு க்ளோஸ்டு பேக் ஹெட்ஃபோன்.

ஒரே ஒரு பிரச்சனை, அந்த மெத்தைல தூங்குறது பாட்டி.

—

காலைல_பூபாளம்:

பாட்டி தூங்கப் போறதுக்கு முன்னாடி ரெக்கார்டிங் முடிச்சிருங்க கண்ணு, இல்லைன்னா அவங்களையும் கூட உக்கார வெச்சுக்கோங்க.

—

ஃபேடர்_பெருசு:

ரெக்கார்டிங் லெவலை மைனஸ் 12 டிபிக்கு மேல ஏத்தாத, 24 பிட்ல பண்ணு, தங்கச்சி தாரஸ்தாயி ஷட்ஜமத்துக்குப் போறப்ப சிவப்பு லைட்டு எரிஞ்சா அந்த டேக் குப்பைக்குத்தான். இன்வெர்ட்டரை ஆஃப் பண்ணிட்டுப் பாடு, ஆனா நடுவுல கரண்டு போனா என்னைத் திட்டாத.